வீட்டில் வளர்த்த காய்கறி நாற்று: சந்தையா, வாசலா, நர்சரியா?

ஆனி பிறந்துவிட்டால் ஒரே கேள்வியைப் பல பேர் கேட்கிறார்கள். "கொல்லையில் நிழல்வலை கட்டி நாற்று விட்டிருக்கிறேன். தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. எங்கே கொண்டுபோய் விற்பது?" சிலர் வாரச்சந்தை என்கிறார்கள், சிலர் வாட்ஸ்அப்பில் போட்டால் போதும் என்கிறார்கள், பக்கத்து நர்சரிக்காரரோ மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். கேட்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கேள்வி வரும்போது நாற்றுக்கு ஏற்கெனவே இருபது நாள் ஆகியிருக்கும். எங்கே விற்கப்போகிறோம் என்பதை விதை போடும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஏனென்றால் எதை, எத்தனை, எந்தத் தேதியில் விதைப்பது என்பதெல்லாம் அந்த முடிவைப் பொறுத்தது.

## எதை வைத்து அளப்பது

விலையை மட்டும் பார்த்தால் தப்பாகத்தான் முடிவெடுப்போம். நான் முதலில் பார்ப்பது மிச்சத்தை. கொண்டுபோனது அத்தனையும் விற்காது. விற்காதது என்னவாகும்?

கத்தரிக்காய் மிஞ்சினால் வீட்டில் குழம்பு வைக்கலாம். கத்தரி நாற்று மிஞ்சினால் அதற்கு வயது ஏறிக்கொண்டே போகும். சின்னச் சின்னக் குழிகள் கொண்ட நாற்றுத் தட்டில், அதாவது குழித்தட்டில், தக்காளி சுமார் 25 நாளில் நடவுக்குத் தயாராகிவிடும், கத்தரி 30 முதல் 35 நாள், மிளகாய் 35 முதல் 40 நாள். சுரை, பீர்க்கு, பூசணி எல்லாம் 12 முதல் 15 நாளில் கிளம்பியாக வேண்டும். அந்த வயது தாண்டினால் வேர் குழிக்குள் சுருண்டுவிடும், தண்டு முறுக்கேறிவிடும். நட்டாலும் சுணங்கிச் சுணங்கித்தான் வரும்.

மிச்சத்தைத் தாங்குவதில் பயிருக்குப் பயிர் வித்தியாசம் பெரிது. மிளகாயும் கத்தரியும் பொறுமைசாலிகள். மிஞ்சினால் சிறிய பைக்கு மாற்றி இன்னும் இரண்டு மூன்று வாரம் வைத்திருக்கலாம். தக்காளி நெட்டையாகப் போனாலும் தண்டைப் பாதிவரை புதைத்து நட்டால் புதைந்த இடத்திலும் வேர் விடும். காலிஃபிளவர் அப்படியில்லை. முற்றிய நாற்றை நட்டால் செடி வளரும் முன்பே கொட்டைப்பாக்கு அளவுக்குப் பூ வைத்து நின்றுவிடும். கொடிவகைகள் ஒரு வாரம் தாமதமானாலே ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிரித்தால் ஒடியும். சந்தைக்குக் கொண்டுபோகும் பயிரைத் தேர்ந்தெடுக்கும்போதே இது மனதில் இருக்க வேண்டும்.

அடுத்து, செலவு போகக் கைக்கு வரும் தொகை. ஒரு நாற்றுக்கு என்ன விலை கிடைக்கிறது என்பது வேறு கணக்கு. மூன்றாவது, நம் நாளில் எவ்வளவு போகிறது என்பது. நான்காவது, வாங்குபவர் யார். மாடித்தோட்டக்காரர் ஐந்து நாற்று கேட்பார், அரை ஏக்கர்க்காரர் நாலாயிரம் கேட்பார். இரண்டு பேரையும் ஒரே தட்டில் திருப்திப்படுத்த முடியாது. கடைசியாக, பொறுப்பு. ரகம் மாறிப்போனால் யார் வாசலில் வந்து நிற்பார்கள், உரிமம் தேவையா என்பதெல்லாம் இதில் அடங்கும்.

## ஒரே பார்வையில்

| | வாரச்சந்தை | நகரத்து ஞாயிற்றுச் சந்தை | வாசலில், முன்பதிவோடு | நர்சரிக்கு மொத்தமாக |
|---|---|---|---|---|
| மிச்சம் | அதிகம், வெயிலில் வாடித் திரும்பும் | ஓரளவு, பைச்செடி என்றால் தாங்கும் | மிகக் குறைவு | இல்லை |
| ஒரு நாற்றுக்கு விலை | நடுத்தரம், பேரம் உண்டு | நான்கிலும் அதிகம் | நல்ல விலை | நான்கிலும் குறைவு |
| நேரம் | முழு நாள் | அரை நாளும் முந்தின நாள் வேலையும் | தினமும் கொஞ்சம் கொஞ்சம் | ஒரு மணி நேரம் |
| வாங்குபவர் | சிறு விவசாயி, கொல்லைத் தோட்டக்காரர் | மாடித்தோட்டக்காரர் | அக்கம்பக்கம், தெரிந்தவர் வழி வருபவர் | கடைக்காரர் |
| மறைந்திருக்கும் செலவு | சுங்கம், வண்டி, பூச்சி | இடவாடகை, பை, பெயர்ச்சீட்டு | பேச்சு, காத்திருப்பு | கடன், தட்டு திரும்பாமை |

## வாரச்சந்தை

புன்செய்ப் புளியம்பட்டி வியாழக்கிழமைச் சந்தை, கொங்கணாபுரம் சனிக்கிழமைச் சந்தை, போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போன்ற பெரிய சந்தைகளில் மாடு, ஆடு, காய்கறி, பாத்திரம் என்று எல்லாம் ஒரே நாளில் கூடும். இப்படிப்பட்ட கூட்டத்தில் நாற்றுக்கு வாடிக்கையாளர் நிச்சயம் உண்டு. வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி போட்டிருப்பவர், வரப்போரம் நாலு மிளகாய்ச் செடி வைக்க நினைப்பவர், ஆடு விற்ற கையோடு வீட்டுக்காரம்மா சொல்லியனுப்பிய கத்தரி நாற்றை வாங்கிப் போகிறவர். இவர்களுக்குக் குழித்தட்டு நாற்றைவிட, பாத்தியில் பறித்து வாழைநாரில் கட்டிய கட்டு நாற்றுதான் பழக்கம். ஒன்றிரண்டு பட்டுப்போனாலும் மீதி பிழைக்கும் என்பது அவர்கள் கணக்கு. குழித்தட்டு நாற்று வேரோடு மண்பிடித்து வருவதால் வாடாமல் பிழைக்கும் என்று விளக்க வேண்டியிருக்கும். ஒருமுறை நட்டுப் பார்த்தவர் அடுத்த வாரம் தானாகவே தேடி வருவார்.

பணக்கணக்கைப் பார்ப்போம். விலை ஊருக்கு ஊர் மாறும், இங்கே ஒரு உதாரணத்துக்குத்தான் எண்களை வைக்கிறேன். 98 குழித் தட்டில் 85 நாற்று தேறியது என்றால் பத்துத் தட்டுக்கு 850 நாற்று. சந்தையில் நாற்று 3 ரூபாய். ஆட்டோவுக்கு 400, சுங்கம் 50, சாப்பாடு டீக்கு 80, ஆக 530 ரூபாய் செலவு. நூற்றுக்கு அறுபது விற்றால் 510 நாற்று, 1,530 ரூபாய். செலவு போக 1,000. அதே 850 நாற்றையும் நர்சரிக்காரருக்கு ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்திருந்தால் 1,275. ஒரு முழு நாளைச் செலவழித்துக் குறைவாகச் சம்பாதித்திருக்கிறோம். இந்த எண்களின்படி, நூற்றுக்கு எழுபதுக்கு மேல் விற்றால்தான் சந்தை நர்சரியை முந்துகிறது. எண்பது விற்றால் 1,510 நிற்கும். உங்கள் ஊர் விலையையும் வண்டி வாடகையையும் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். போக வேண்டுமா வேண்டாமா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வண்டி வாடகைதான் இதில் பெரிய ஓட்டை. காய்கறிக் கூடையை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம், நாற்றுத் தட்டை அடுக்க முடியாது. பத்துத் தட்டுக்கு ஆட்டோவின் பின்பக்கம் முழுக்கப் போய்விடும். பழைய இரும்பு அலமாரித் தட்டுகளையோ, சவுக்குக் கட்டையால் அடித்த சட்டத்தையோ வைத்து இரண்டு மூன்று அடுக்காக ஏற்றிக்கொண்டால் அதே வாடகைக்கு இருபது தட்டு போகும். இன்னொரு வழியும் இருக்கிறது. ஏற்கெனவே சந்தைக்குக் காய் கொண்டுபோகும் ஒருவரோடு சேர்ந்து போவது. வாடகையும் பாதியாகும், அவரிடம் கத்தரிக்காய் வாங்க வருபவர் பக்கத்தில் இருக்கும் கத்தரி நாற்றையும் பார்ப்பார்.

சுங்கம் என்பது உள்ளாட்சியிடம் குத்தகை எடுத்தவர் வசூலிப்பது. ரசீது கேட்டு வாங்குங்கள். தரைக்கடைக்கு என்ன வீதம் என்பதை அறிவிப்புப் பலகையில் ஒருமுறை பார்த்துவைத்தால் பிறகு வாக்குவாதம் இருக்காது.

இனி மிச்சத்துக்கு வருவோம். காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் குழித்தட்டில் இருக்கும் தென்னை நார்க்கழிவு சீக்கிரம் காய்ந்துவிடும். ஒரு குழியில் இருப்பதே ஒரு கைப்பிடிக்கும் குறைவு. மேலே பூவாளியால் தெளித்தால் இலைதான் நனையும், அடிவேருக்குப் போகாது. ஒரு அகலமான தாம்பாளத்தில் ஒரு விரற்கடை தண்ணீர் வைத்து, தட்டை அதில் பத்து நிமிடம் உட்கார வைத்தால் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். தலைக்கு மேல் பச்சை நிழல்வலை ஒரு துண்டு இருந்தால் போதும், மதியம் வரை நிற்கும்.

ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு வீட்டுக்குத் திரும்பிய பிறகு வரும். சந்தையில் பக்கத்துக் கடைக் காய்கறி, செடி, கீரையிலிருந்து வெள்ளை ஈயும் இலைப்பேனும் நம் தட்டில் ஏறிவிடும். தக்காளியிலும் மிளகாயிலும் இலைச்சுருட்டை நோயைப் பரப்புவது வெள்ளை ஈதான். மிஞ்சிய தட்டை அப்படியே கொண்டுபோய் வலைக்குள் மற்றத் தட்டுகளோடு வைத்தால், அடுத்த வாரத்துக்கு வைத்திருந்த நாற்றும் சேர்ந்து போகும். திரும்பி வந்த தட்டுக்கு வலைக்கு வெளியே தனி இடம் வேண்டும். இடமில்லையென்றால் சந்தையிலேயே கடைசி அரை மணி நேரத்தில் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு வெறுந்தட்டோடு வருவது நல்லது.

யாருக்கு இது ஏற்றது? சந்தை ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு. ஏற்கெனவே காயோ கீரையோ கொண்டுபோகிறவருக்கு. வாரம் தவறாமல் ஒரே இடத்தில் உட்கார முடிகிறவருக்கு. நாற்று வாங்குபவர் ஒரு வாரம் பார்ப்பார், அடுத்த வாரம் கேட்பார், மூன்றாவது வாரம்தான் வாங்குவார். இடையில் ஒரு வாரம் காணாமல் போனால் அத்தனையும் போச்சு.

## நகரத்து ஞாயிற்றுச் சந்தை

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் பள்ளி வளாகத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஞாயிறு காலையில் இயற்கை விளைபொருள் சந்தை கூட்டுகிறார்கள். இங்கே வருபவர் வேறு மாதிரி. மாடியில் பத்துத் தொட்டி வைத்திருப்பார். அவருக்கு 85 நாற்று வேண்டாம், இரண்டு தக்காளி, இரண்டு மிளகாய், ஒரு கத்தரி போதும். ஆனால் ஒன்றுக்கு 10 ரூபாய் கேட்டாலும் தயங்க மாட்டார். கூடவே கேள்வியும் நிறையக் கேட்பார். எத்தனை நாளில் காய்க்கும், எந்தப் பக்கம் வெயில் வேண்டும், பூ உதிர்ந்தால் என்ன செய்வது. பதில் சொல்லும் பொறுமை இருப்பவருக்குத்தான் இந்தச் சந்தை.

இங்கே குழித்தட்டிலிருந்து பிடுங்கிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் எடுபடாது. சிறிய பையிலோ தேங்காய் மட்டைத் தொட்டியிலோ மாற்றி, பத்து நாள் வேர் பிடிக்கவிட்டுக் கொண்டுபோக வேண்டும். மண், தொழுவுரம், பை, அதை நிரப்பும் கூலி எல்லாம் இதில் மறைந்திருக்கும் செலவு. எடையும் கூடிவிடும். தட்டில் 98 நாற்று வைத்த இடத்தில் பையில் இருபதுகூட நிற்காது. இடத்துக்கு வாடகையோ, விற்பனையில் ஒரு பங்கோ கேட்பார்கள். முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் தூக்குப்பைக்குத் தடை இருப்பதால், வாங்கியவர் எடுத்துப்போகச் செய்தித்தாள் பையோ அட்டைப்பெட்டியோ கையில் இருக்க வேண்டும்.

வாங்குபவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பத்து மிளகாய்ச் செடி வரிசையாக இருந்தால் கை நேராகப் போவது உயரமான செடிக்கு, அல்லது பூ வைத்த செடிக்கு. இரண்டும் சரியான தேர்வு இல்லை. உயரமாக இருப்பது பெரும்பாலும் வெளிச்சம் போதாமல் நெட்டையாக வளர்ந்தது. சிறிய பையிலேயே பூ வைத்தது இடம் போதாமல் அவசரப்பட்டது. குட்டையாக, தண்டு தடித்து, இலை அடர்பச்சையாக இருப்பதுதான் தொட்டியில் போய் நிற்கும். பூ வைத்ததை விற்றால் அன்றைக்குச் சுலபமாகப் பணம் வரும். ஆனால் பூவைக் கிள்ளிவிட்டு நடச் சொல்லிக் கொடுத்தால்தான் அவர் திரும்பி வருவார். இதை நான் உறுதியாக நம்புகிறேன். செடி பிழைத்தால்தான் நமக்குத் தொழில்.

நாட்டு ரகத்துக்கு மதிப்பு கிடைக்கும் இடமும் இதுதான். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பெயர் சொல்லிக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். பெயர்ச்சீட்டு எழுதி வையுங்கள். ரகம், விதைத்த தேதி, எத்தனை நாளில் காய்ப்பு என்று மூன்று வரி போதும். அழியாத மையில், ஐஸ் குச்சியில்கூட எழுதலாம்.

மிச்சத்தைப் பொறுத்தவரை இங்கே வாரச்சந்தையைவிட நிம்மதி. பையில் இருப்பதால் அடுத்த ஞாயிறு வரை தாங்கும். ஆனால் இரண்டு ஞாயிறு தாண்டிய தக்காளியை மூன்றாவது ஞாயிறும் எடுத்துப்போகாதீர்கள்.

நகரத்திலேயோ அதன் ஓரத்திலேயோ இருப்பவர், சிறிய அளவில் நிறைய வகை வைத்திருப்பவர், பேசப் பிடித்தவர் என்றால் இதைத் தேர்ந்தெடுக்கலாம். ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து நாற்றுக்காக மட்டும் வருவது கட்டாது.

## வாசலில், முன்பதிவோடு

எனக்குப் பிடித்த வழி இதுதான். விதைக்கும் முன்பே கேட்டு எழுதிக்கொள்வது. தெருவில், ஊர் வாட்ஸ்அப் குழுவில், பால் ஊற்றுபவரிடம், பள்ளி வாசலில் சந்திக்கும் மற்ற அம்மாக்களிடம் சொல்லிவைத்து, "ஆடி மூன்றாம் வாரம் நாற்று தயாராக இருக்கும், யாருக்கு என்ன எத்தனை வேண்டும்" என்று ஒரு நோட்டில் பெயர்வாரியாக எழுதுவது. கொஞ்சம் முன்பணம் வாங்கிக்கொண்டால் பாதிப் பேர் கைவிட்டுப் போவது நிற்கும். ஐம்பது ரூபாயாவது கையில் கொடுத்தவர் வந்துவிடுவார்.

மிச்சம் ஏறக்குறைய இல்லாமல் போவது இதில்தான். வண்டிச் செலவு இல்லை, சுங்கம் இல்லை, வெயிலில் வாட்டம் இல்லை, வெள்ளை ஈயைச் சுமந்து வருவதும் இல்லை. வாங்குபவர் வந்து தட்டைப் பார்த்து எடுத்துப்போகிறார். எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நன்றாகத் தண்ணீர் விட்டு வைத்தால், குழியின் அடியில் விரலால் ஒரு தள்ளு தள்ளியதும் நாற்று அடைத்திருந்த வடிவத்திலேயே வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வெள்ளை வேர் நார்க்கழிவைச் சுற்றிப் பின்னியிருப்பது கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்தவர் விலை பேச மாட்டார். நார்க்கழிவு உதிர்ந்து வேர் மட்டும் தொங்கினால் நாற்று இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். மூன்று நாள் கழித்து வரச் சொல்லுங்கள்.

இதற்கும் செலவு இருக்கிறது, ரூபாயில் தெரியாத செலவு. காலை ஆறு மணிக்கு ஒருவர், இரவு எட்டு மணிக்கு ஒருவர் வருவார். இரண்டு நாற்றுக்காக வந்து அரை மணி நேரம் பேசுவார். "நம்ம ஊட்டுக்குத்தானே" என்று இலவசமாகக் கேட்பவரும் உண்டு. புதன், சனி மாலை நான்கு முதல் ஆறு என்று நேரம் வைத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். சொந்தக்காரருக்குக் கொடுப்பதை முதலிலேயே ஒரு தட்டாக ஒதுக்கிவிடுவது மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

பொறுப்பும் இங்கேதான் அதிகம், ஏனென்றால் வாங்கியவருக்கு நம் வீடு தெரியும். குறை உடனே வராது, இரண்டு மாதம் கழித்துக் காய் பார்த்த பிறகு வரும். அதனால் விதை விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும், எடுத்து வைத்த விதை ரகம் மாறாமல் வரும். மிளகாயும் கத்தரியும் பூச்சி வழியாகக் கலக்கும். குண்டு மிளகாயும் நீட்டு மிளகாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த தோட்டத்து விதையை நம்பி ரகப் பெயர் சொல்லாதீர்கள். வீரிய ஒட்டு (ஹைபிரிட்) ரகத்தின் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது, அதை விற்கவே கூடாது. சுரைக்காயில் கலப்பு ஏற்பட்டால் கசப்புக் காய் வரலாம். கசக்கும் சுரைக்காய் வெறும் ருசிக்கேடு இல்லை, உடம்புக்கு நஞ்சு. கொடிவகைக்கு மட்டுமாவது வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ நம்பகமான இடத்திலோ வாங்கிய விதையையே போடுங்கள், கொடுக்கும்போது "காய் கசந்தால் சமைக்காதீர்கள்" என்றும் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்கிறார், பத்து முதல் முப்பது தட்டு அளவு, அக்கம்பக்கத்தில் தோட்டம் வைக்கும் பழக்கம் இருக்கிறது என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

## நர்சரிக்கு மொத்தமாக

விலை குறைவு என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். மிச்சமே இல்லாத ஒன்றரை ரூபாய், நூற்றுக்கு முப்பது நாற்று காய்ந்துபோகும் மூன்று ரூபாயை எளிதாக நெருங்கிவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிகிறது.

கவனிக்க வேண்டியது மூன்று. கடைக்காரர் கடன் சொல்வார், பணம் வர மாதமாகும். தட்டோடு எடுத்துப்போனால் தட்டு திரும்பாது, அதற்கு ஈடாகப் பணம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அவருக்கு வேண்டியது ஒரே அளவு நாற்று. ஒரு தட்டில் பாதி குட்டை, பாதி நெட்டை என்றால் விலையை இறக்கிவிடுவார்.

விவசாயிக்கே நேரடியாக ஏக்கர் கணக்கில் கொடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வரிசைக்கு நாலடி, செடிக்கு ஒன்றரை அடி விட்டால் தக்காளிக்கு ஏக்கருக்கு 7,260 நாற்று. தட்டுக்கு 88 தேறினால் 83 தட்டு, பட்டுப்போனதை மாற்றி நட இன்னும் ஐந்தாறு. அத்தனையும் ஒரே நாளில் ஒரே வயதில் தயாராக இருக்க வேண்டும். உடுமலை, ஒட்டன்சத்திரம், ஓசூர்ப் பக்கம் நிழல்வலைக் கூடம் கட்டி இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டக்கலைத் துறையும் திட்டங்களில் மானியத்துக்குக் குழித்தட்டு நாற்று கொடுக்கிறது. கொல்லையில் இருபது தட்டு வைத்து அவர்களோடு போட்டி போட வேண்டாம்.

## உழவர் சந்தை பற்றி

1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை தொடங்கியதிலிருந்து அதன் அடிப்படை ஒன்றுதான்: விளைவித்தவரே இடைத்தரகர் இல்லாமல் விற்பது. கடைக்கு வாடகை இல்லை, தராசு கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே விற்பதற்கான அடையாள அட்டை, நிலத்தையும் அதில் நிற்கும் பயிரையும் சரிபார்த்துத் தரப்படுவது. மாடியிலோ கொல்லையிலோ நாற்று மட்டும் வளர்ப்பவருக்கு அது கிடைப்பது கடினம். ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர் நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிட்டுக் காயோடு இரண்டு தட்டு வைத்துப் பார்க்கலாம். காலை நேரத்திலேயே விற்பனை முடிந்துவிடுவதால் நாற்று வாடாது.

## உரிமம்

இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தில் "விதை" என்றால் உணவுப் பயிர்களின் நாற்றும் சேர்த்திதான். அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஒரு விலக்கும் தருகிறது. தானே வளர்த்ததைத் தன் சொந்த இடத்தில் வைத்து, நடப்போகிறவருக்கே நேரடியாக விற்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வாசலில் விற்பதற்கு இது பெரிய பலம். சந்தைக்கோ கடைக்கோ கொண்டுபோனால் அந்த விலக்கு பொருந்தாது.

1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணை தனி. விதை விற்பதைத் தொழிலாகச் செய்பவர் உரிமம் பெற வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் காய்கறி நாற்றுப் பண்ணைகளும் உரிமம் எடுத்து, ரகமும் தேதியும் எழுதிய ரசீது கொடுத்து விற்க வேண்டும் என்று விதை ஆய்வுப் பிரிவு அவ்வப்போது அறிவிக்கிறது. வாராவாரம் சந்தைக்குப் போகத் திட்டமிட்டாலோ, நர்சரிக்கு மொத்தமாகக் கொடுத்தாலோ, மாவட்ட விதை ஆய்வு துணை இயக்குநர் அலுவலகத்தில் ஒருமுறை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். விதைக் கம்பெனியின் பெயரைப் போட்டு நாற்று விற்பதையும் தவிருங்கள். உரிமம் எடுக்காவிட்டாலும் ரகமும் தேதியும் எழுதிய துண்டுச்சீட்டு கொடுக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே தொடங்கிவிடலாம்.

## இரண்டைச் சேர்த்துச் செய்வது

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இல்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது: முன்பதிவை அடிப்படையாக வையுங்கள், வாரச்சந்தையையோ ஞாயிற்றுச் சந்தையையோ அதற்கு ஆள் பிடிக்கும் இடமாக வையுங்கள். சந்தைக்கு நாலு தட்டு மட்டும் கொண்டுபோய், வாங்கியவரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த பட்டத்துக்கு அவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். கைவிட்டுப்போன முன்பதிவு எதுவானாலும் நர்சரிக்குத் தள்ளிவிடலாம். ஆனால் அதை நாற்றுக்கு வயதாகும் முன்பே செய்ய வேண்டும், மூன்று நாள் காத்திருந்து பார்த்துவிட்டு இல்லை.

விதைக்கும் தேதியைச் சந்தை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாயை 38 நாள் முன்னால், கத்தரியை 33 நாள், தக்காளியை 25 நாள், சுரையையும் பீர்க்கையும் 13 நாள் முன்னால். ஆடியில் நட நினைப்பவருக்கு ஆனியிலேயே விதை விழுந்திருக்க வேண்டும், மிளகாய் என்றால் வைகாசிக் கடைசியிலேயே. எல்லாத் தட்டையும் ஒரே நாளில் விதைக்காமல் வாரத்துக்கு நாலு நாலாகப் பிரித்தால் மிச்சமும் பிரிந்துபோகும். நாற்றழுகல் வராமலிருக்க விதையிலேயே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்துவிடுங்கள், கிலோ விதைக்கு 4 கிராம் வீதம். விற்பதற்கு ஐந்தாறு நாள் முன்பிருந்து தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, நிழல்வலையை விலக்கி வெயில் காட்டிப் பழக்குங்கள். வெண்டை, முள்ளங்கி, கொத்தவரை, கீரை இவற்றுக்கு நாற்று கேட்டு வருபவருக்கு விதையை நேரடியாக மண்ணில் போடச் சொல்லி அனுப்புங்கள், அந்தத் தட்டில் இன்னொரு வரிசை கத்தரி போடலாம்.